லாரி வாடகையை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள்

போன வைகாசியில் அம்மாவை வேலப்பாடியிலிருந்து காட்பாடி காந்தி நகருக்குக் கூட்டி வந்துவிட்டோம். எங்கள் தெருவிலேயே கீழ்ப் போர்ஷன் ஒன்று கிடைத்தது. பழைய வீட்டில் அம்மா குடியிருந்தது நாற்பத்தொரு வருஷம். பரண் நிறையப் பித்தளை, கதவு சரியாக மூடாத பீரோ, தேக்குக் கட்டில், சமையலறை மூலையில் ஆட்டுக்கல். எதையும் விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை. வரவும் வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஆரணியிலிருந்து வேலூருக்கு வந்தபோது லாரி வாடகையை மட்டும் பேசினேன். வந்த ஆட்கள் ஏசியின் செம்புக் குழாயை அப்படியே வெட்டி எடுத்தார்கள். கேஸ் முழுக்கப் போய்விட்டது. கேட்டதற்கு, "லாரிக்குத்தானே பேசினீங்க, கழட்டறது எங்க வேலை இல்லையே" என்றார்கள். புது கேஸ் நிரப்பிய செலவை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் இந்த முறை மூன்று இடத்தில் விசாரித்தேன். வாடகையைக் கேட்பதற்கு முன்னால், "என்னென்ன வேலை செய்வீங்க, எதுக்கெல்லாம் தனிக் காசு?" என்று கேட்டேன். வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு ரேட் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தேன். அம்மாவின் சந்துக்குள் லாரி நுழையாது, தெருமுனையிலிருந்து தூக்க வேண்டும். அந்தக் கூலியை முன்கூட்டியே சொன்னவர் அவர் ஒருவர்தான். நான்கு ஆள், லாரி, பேக்கிங், கட்டிலைக் கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். ஏசிக்குத் தனியாக 1,800. ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஏசி கழற்ற வந்த தம்பியைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டார். வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீ போட்டு மூடினார். கொஞ்ச நேரம் ஓடியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே சுவிட்சை அணைக்கச் சொன்னார். "கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள்ள வந்துடுச்சு அக்கா, இனி குழாயைக் கழட்டலாம்" என்றார். மொத்தமே சில நிமிஷ வேலை. அன்றைக்கு ஆரணியில் இதைச் செய்ய ஒருவரும் இல்லாமல் போனார்களே என்று இருந்தது.

வாஷிங் மெஷினுக்கும் ஒரு விஷயம் உண்டு. முன்பக்கம் கதவு உள்ள மெஷினோடு நீளமான போல்ட்டுகள் வரும். மெஷினை எங்கேயாவது கொண்டுபோவதானால் அவற்றைப் பின்பக்கம் திரும்ப மாட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே டிரம் ஆடி அடிபடும். பெரும்பாலானோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அம்மா அவற்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஐந்து வருஷமாகப் பரணில் வைத்திருந்தார்! ஃப்ரிட்ஜை முதல் நாள் ராத்திரியே அணைத்துவிட்டோம். நிற்க வைத்தபடியே ஏற்றினார்கள். புது வீட்டில் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட்டோம்.

வழியில் ஏதாவது உடைந்தால் கிடைக்கும் இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டேன். பொருளின் மதிப்பை நாம் எழுதிக் கொடுத்தால், அதற்கு இத்தனை சதவீதம் என்று கட்டணம். ஆனால் நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் அவர்கள் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படித்த பிறகு கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே கட்டச் சொன்னேன். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் போனில் படமும் எடுத்து வைத்தேன்.

கத்திரி வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று காலை ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். கனமான சாமான்தான் முதலில் ஏறும், அதுவும் டிரைவர் கேபினை ஒட்டி. அப்படியானால் ஆட்டுக்கல்தான் முதல். குழவியைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றினார்கள். கல்லுக்குக் கயிறு கட்டி, மூங்கிலில் கோர்த்து, இரண்டு பேர் தோளில் வைத்துச் சந்து முழுக்க நடந்தார்கள். அம்மா பின்னாலேயே போனார். "பாத்து நைனா, கால்ல போட்டுக்காத" என்று சொல்லிக்கொண்டே போனார். "கல்லு பத்தி கவலைப்படாத ஆயா, எங்க வீட்லயும் ஒன்னு கெடக்குது" என்றார் முன்னால் போனவர். லாரியில் பழைய டயர் மேல் உட்கார வைத்தார்கள். பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, காந்தி நகர் வரை அது அசையவே இல்லை.

காசு கொடுத்ததற்கு முழுப் பலன் கிடைத்தது பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்த வேலையில்தான். பேக்கிங்கைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறோம். ஆனால் எழுபத்தாறு வயசுக்காரர் முப்பது பெட்டிகளுக்கு நடுவே நின்றால் என்ன செய்வார்? சமையலறைப் பெட்டிகளைப் பிரித்து, அவர் கை காட்டிய அலமாரியில் அடுக்கினார்கள். கட்டிலை மாட்டினார்கள். பதினோரு மணிக்கு அம்மா பால் காய்ச்சினார். நான்கு பேருக்கும் முதல் டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலி அட்டைப்பெட்டிகளை எடுத்துப்போக ஆள் வந்தது. அதுவும் அந்தத் தாளில் எழுதியிருந்ததுதான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பித்தளைக் குடம் வந்த பெட்டியை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. நல்ல கெட்டி அட்டையாம், பரணில் வைத்துவிட்டார்.