கோத்தகிரி போய்வர: மழைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 9, ஞாயிறு

சாவியைத் திருப்ப முடியவில்லை. விரல்களுக்குத் தாம் எதைப் பிடித்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே சாவியை வைத்து அழுத்தி, உடம்பையே திருப்பிக் கதவைத் திறந்தேன்.

ஓடும்போது ஒன்றும் இல்லை. வண்டிச்சோலை தாண்டிப் போய்த் திரும்பினேன். சிம்ஸ் பூங்கா அருகே வரும்போது தூறல் மழையாகிக் கொட்டியது. அப்போதுகூட மூச்சு சீராக, கால் சூடாகத்தான் இருந்தது. வாசலில் வந்து நின்ற பிறகுதான் குளிர் ஏறியது. ஷூ கயிற்றை அவிழ்க்க முடியாமல் அப்படியே காலை உருவினேன். ஈரத்துணியை மாற்றி, சுக்குக் காபி குடித்து, போர்வைக்குள் போன பிறகும் பல் தந்தியடித்தது. ஓட்டத்தை நிறுத்தியதும் தசையிலிருந்து சூடு வருவது நின்றுவிடுகிறது. ஆனால் தோலும் துணியும் சூட்டை இழந்துகொண்டேதான் இருக்கின்றன. அதனால் உள்சூடு ஓடி முடித்த பிறகும் இறங்குகிறது.

தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 14 அன்று அவனும் நானும் இங்கே குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை ஓடித் திரும்பப்போகிறோம்.

நவம்பர் 10

ஷூ காயவில்லை. உள்ளே செய்தித்தாளைத் திணித்து மணிக்கொரு முறை மாற்றுகிறேன். அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும்.

நவம்பர் 12

தம்பி போனில் பேசினான். பெசன்ட் நகரில் விடியுமுன் ஓடுகிறானாம், அப்போதே சட்டையைப் பிழியலாமாம். "பத்து டிகிரிதானேக்கா? எனக்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும்" என்கிறான்.

பத்து டிகிரி உலர்ந்த பத்து டிகிரியாக இருந்தால் அவன் சொல்வது சரி. நீண்ட ஓட்டத்துக்கு அதைவிட நல்ல சூழல் கிடையாது. ஆனால் இது நனைந்த பத்து டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். அதோடு காற்றும் சேர்ந்தால் அவ்வளவுதான். இதைச் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்றான். அவனுடைய அந்த 'சரிக்கா' எனக்குத் தெரியும்.

அவன் களைத்தால் நின்றுவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓடுவான், நிற்பான், இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்ப்பான், மறுபடி ஓடுவான். சென்னையில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இங்கே, எடப்பள்ளிக்கு மேலே, காற்றடிக்கும் திருப்பத்தில், நனைந்த பனியனோடு அவன் நிற்பது கண்முன்னால் வந்துகொண்டே இருக்கிறது.

நவம்பர் 14

தூக்கம் வரவில்லை. மறுபடியும் பாயின் பற்றிப் படித்தேன்.

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணம், பாயின் அருகே மஞ்சள் ஆற்றுக் கற்காடு. 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். கிளம்பியவர்கள் 172 பேர், இறந்தவர்கள் 21 பேர். அரைக்கால்சட்டையும் மெல்லிய பனியனுமாகப் பலர் ஓடினார்கள். மதியவாக்கில் மேட்டில் ஏறும்போது ஆலங்கட்டியும் உறையும் மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. அந்த இடத்துக்கு வண்டி போக வழியில்லை. இறந்தவர்களில் லியாங் ஜிங்கும் ஒருவர். அந்த நாட்டின் மிகச்சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவர் அவர்.

ஒரு விஷயத்தை என்னால் தாண்டிப் போகவே முடியவில்லை. காற்றைத் தடுக்கும் மேலுடை அங்கே கட்டாயமாக இல்லை. பலர் அதைப் பையில் போட்டு, வெகுதூரம் தள்ளி இருந்த ஒரு நிறுத்தத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். மேலுடை அங்கே காத்திருந்தது, அவர்கள் வழியிலேயே விறைத்துப்போனார்கள்.

ஆடு மேய்க்கும் ஜூ கெமிங் என்பவர் குகையொன்றில் ஒதுங்கியிருந்தார். ஆறு பேரை அங்கே சேர்த்து, தீ மூட்டி, போர்வை கொடுத்துக் காப்பாற்றினார்.

அவர்கள் யாரும் பயிற்சி இல்லாதவர்கள் கிடையாது.

நவம்பர் 16, ஞாயிறு

எடப்பள்ளியில் திரும்பினேன். விடாத சாரல்.

பருத்தி பனியனை இனி எடுக்கப்போவதில்லை. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பையொட்டி மெல்லிய கம்பளி போட்டேன். நனைந்தாலும் அதன் சுருளுக்குள் கொஞ்சம் காற்று தங்குகிறது, அந்தக் காற்றுதான் சூடு. அதன்மேல் காற்று புகாத ஜாக்கெட். முழுக்கத் தண்ணீர் புகாத ரெயின்கோட் ஓடுவதற்கு ஆகாது. உள்ளே வியர்த்து, மழையில்லாமலேயே நனைந்துவிடுவோம். முன்னால் விளிம்புள்ள தொப்பி போட்டதில் கண்ணில் மழை அடிக்கவில்லை. இது இவ்வளவு பெரிய நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கைக்கு மருந்துக்கடையில் வாங்கிய மெல்லிய ரப்பர் கையுறை, மேலே கம்பளிக் கையுறை. இன்று சாவி திரும்பியது!

தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு மழையிலேயே பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா, "இந்த மழையில எங்க ஓடுற கண்ணு?" என்று கேட்டார். கோத்தகிரி என்றேன். அவர் பேசிக்கொண்டேதான் பறித்தார், கை நிற்கவே இல்லை.

நவம்பர் 17

தொடை இறக்கத்தில்தான் வலிக்கிறது. ஏற்றம் பரவாயில்லை.

நவம்பர் 20

வீட்டின் சொந்தக்காரர் வந்து போனார். டிசம்பர் 31-க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாத்திரங்களை மட்டும் கட்டினேன். அப்பாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

டிசம்பர் 14-ஆம் தேதி ஓட்டத்தை மாற்றலாமா என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார். வேறு எந்த நாளையும் மாற்றலாம், அதை மாற்ற முடியாது.

நவம்பர் 23, ஞாயிறு

ஓடவில்லை. நேற்று இரவு முழுக்கக் கூரைத் தகரம் அதிர்ந்தது. மலைரயில் ரத்து.

நீலகிரிக்கு இரண்டு மழை. கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் ஆரம்பிக்கும் தென்மேற்கு மழை. நம் குன்னூர், கோத்தகிரி சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவானால் அதன் ஈரமெல்லாம் இந்தக் கிழக்குச் சரிவில் வந்து முட்டும். 2009 நவம்பரும் அப்படித்தான். மண் சரிந்து ஒரே வாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அப்போது அப்பா அரவங்காட்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார்.

சிவப்பு எச்சரிக்கை என்றால் 14-ஆம் தேதியானாலும் ஓடக்கூடாது. இதை எழுதி வைக்கிறேன், அன்றைக்கு நானே என்னோடு வாதாடாமல் இருக்க. குளிருக்குத் துணி இருக்கிறது. மண்சரிவுக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 25

இன்று மனசு நன்றாக இருக்கிறது. 2018 பாஸ்டன் மாரத்தான் காட்சிகளை மறுபடி பார்த்தேன். ஏப்ரல் 16, கொட்டும் மழை, எதிர்க்காற்று, தொடக்கத்தில் ஐந்து டிகிரியைக்கூட எட்டாத குளிர். பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் வரிசையாக விலகினார்கள். டெஸ் லிண்டன் தொடக்கத்திலேயே விலகிவிடும் எண்ணத்தில் இருந்தவர். எப்படியும் விலகப்போகிறோம், மற்றவர்களுக்காவது உதவலாம் என்று நினைத்து, ஷலேன் ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். கடைசியில் 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் லிண்டனே ஜெயித்தார். 1985-க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் அமெரிக்கப் பெண்.

ஆண்களில் யூகி கவாவுச்சி. ஜப்பானில் ஒரு அரசுப் பள்ளி அலுவலகத்தில் முழுநேர வேலை பார்த்தவர். பள்ளி அலுவலகம்! வருகைப் பதிவேடும் கட்டண ரசீதுமாக என் நாள் ஓடும்போது அவர் நினைவு வருகிறது. அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, மாசசூசெட்ஸிலேயே பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழான குளிரில் ஒரு சின்ன மாரத்தானை ஓடி முடித்த ஒரே ஆள் அவர்தான். குளிரில் ஓடப் பழகியவருக்கு ஏப்ரல் மழை புதிதாக இருந்திருக்காது. நான் மழைநாளாகப் பார்த்துப் பயிற்சிக்குப் போவதும் இதனால்தான்.

நவம்பர் 29

அட்டை. இரண்டு கணுக்காலிலும். உப்புப் பொட்டலத்தைப் பையில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கட்டபெட்டு வரை போய்த் திரும்பும்போது நடந்தது.

ஒரு வளைவில் காட்டெருமைகள். ஐந்தாறு இருக்கும், ஒரு கன்றும். சாலையின் குறுக்கே நின்றன. பனிமூட்டம் வேறு, கடைசி ஒன்று கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எதிரே ஒரு பால் வண்டி விளக்கை அணைத்துவிட்டு நின்றது. நானும் பின்னால் நகர்ந்து நின்றேன். கன்றோடு இருக்கும்போது அவசரப்படக்கூடாது.

கன்று நகரும்வரை மற்றவை நகரவில்லை. மழை தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் முதுகு சில்லிட்டது, அப்புறம் தோள்கள் தாமாகவே உதறின. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். ஆனால் விலங்குகளுக்கு முன்னால் கையை வீசிக் குதிக்கவும் முடியாது. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று படித்திருக்கிறேன். குளிரிலேயே இருந்துகொண்டு நடுக்கம் மட்டும் நின்றுபோனால், நாக்கு குழறினால், கை பொத்தானைத் தேடித் தடுமாறினால், அப்போதுதான் ஆபத்து. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் யோசனையும் மங்கும். ஆபத்தில் இருக்கிறோம் என்பதை நம் மூளையே நமக்குச் சொல்லாது. அதனால் ஓடும்போது ஒருவர் இன்னொருவரைப் பேச வைக்க வேண்டும். அங்கே நின்றபடி நான் ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமில்லாமல் சொன்னேன். தடுமாறவில்லை.

அவை இறங்கிப் போயின. பால் வண்டிக்காரர் கையசைத்தார்.

இத்தனை நாளும் தம்பி நின்றுவிடுவானே என்றுதான் கவலைப்பட்டேன். சாலையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? விழுந்த மரம், கூட்டம் கூட்டமாக மாடுகள், பிசகிய கணுக்கால். நிற்கவே கூடாது என்பது ஒரு திட்டமே இல்லை. நிற்க நேரும் என்று வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஆளுக்கொரு உலர்ந்த கம்பளி மேலாடையை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் முடிந்து முதுகில் சுமக்க வேண்டும். காரில் இல்லை, கோத்தகிரியில் இல்லை, முதுகில். பெரிய குப்பைப் பை ஒன்று, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டது. அதை மடித்தால் கைக்குட்டை அளவுதான்.

டிசம்பர் 3

தம்பிமேல் கோபம். ஜாக்கெட் இன்னும் வாங்கவில்லை. "அங்கே வந்து பார்த்துக்கலாம்க்கா." அங்கே வந்து எதைப் பார்ப்பது? கட்டபெட்டுவரை போய்த் திரும்பிவிடலாமே என்றும் ஒரு பேச்சு. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டைத் தொட்டுத் திரும்பினால்தான் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் வரும். அப்பா எதற்காக அங்கே போவார் என்று அவனுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 4

நானே கூப்பிட்டேன். பேசினோம்.

டிசம்பர் 7, ஞாயிறு

குறைந்த தூரம்தான், சாப்பாட்டைச் சரிபார்க்க. குளிரில் தாகம் தெரிவதில்லை, ஆனால் சிறுநீர் அடிக்கடி வருகிறது. ரத்தத்தை உடம்பு உள்ளே இழுத்துக்கொள்வதால் அப்படி. எனவே தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். நடுங்கினால் மாவுச்சத்தும் சீக்கிரம் தீரும்.

கடலை மிட்டாயின் உறையை முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும், மரத்த விரலால் முடியாது. குளிரில் அது கல்லாகவும் ஆகிவிடுகிறது. பேரீச்சம்பழம் மேல், விதை எடுத்தது. வெல்லம் போட்ட டீ ஃபிளாஸ்க்கில்.

யூக்கலிப்டஸ் இலை விழுந்த இடத்திலும் சாலையில் அடித்த வெள்ளைக் கோட்டிலும் கால் வைக்கக்கூடாது. தம்பி பட்டியலில் சேர்க்க வேண்டும்.

டிசம்பர் 10

சித்தப்பா ஒப்புக்கொண்டார். ஜீப்பில் கட்டபெட்டில் நிற்பார். போகும்போதும் வரும்போதும் எங்களைப் பார்த்துப் பெயர் கேட்பார், பதில் குழறினால் அங்கேயே ஏற்றிவிடுவார். எதிர்த்துப் பேசக்கூடாது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். வெளிச்சம் வந்த பிறகே கிளம்புவது, கரடி நடமாட்டம் இருக்கிறது.

வீட்டில் பாதிக்கு மேல் பெட்டிக்குள் போய்விட்டது. பேசினால் எதிரொலிக்கிறது.

டிசம்பர் 12

கடலில் தாழ்வு நிலையாம். மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பு இல்லை, ஆரஞ்சும் இல்லை. பக்கத்தைத் திருப்பி 23-ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். போகலாம்.

டிசம்பர் 13, சனி

காலை: நீலகிரி எக்ஸ்பிரஸில் தம்பி மேட்டுப்பாளையம் வந்துவிட்டான். மலைரயில் இல்லை. பர்லியார் பக்கம் மரம் விழுந்ததால் கோத்தகிரி பஸ்ஸில் ஏறி, குஞ்சப்பனை வழியாக வருகிறான். நாளை ஓடப்போகும் சாலையை இன்று ஜன்னலிலிருந்து பார்த்துவிடுவான். நல்லதுதான்.

மதியம்: வந்தான். பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். ஜாக்கெட் இருக்கிறது, விலைச்சீட்டோடு. கம்பளி உள்ளாடை இருக்கிறது. கையுறை இல்லை, என்னுடைய இன்னொரு ஜோடி அவனுக்குச் சரியாக இருக்கிறது. வாசலில் நின்று, "இது பத்து டிகிரியாக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே உள்ளே வந்துவிட்டான்.

இரவு: மழை விடவில்லை, காற்று குறைந்திருக்கிறது. அவன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டான். நாளைக்கு வந்து திறக்கலாம் என்றேன். தொடை, அக்குள், கால்விரல் எல்லாம் ஈரத்தில் உராயும், வாஸ்லின் கட்டாயம் வேண்டும். அது கட்டிவைத்த பெட்டிகளில் எதிலோ போய்விட்டது. குளியலறைச் சாமான் பெட்டியில் இல்லை. மருந்துப் பெட்டியிலும் இல்லை. சமையலறைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கிறேன்