பொத்தோல்

"அப்பா, பொத்தோல்னா இன்னா?"

தண்டையார்பேட்டையில் சிக்னலுக்கு வண்டி நின்றபோது பின்னாலிருந்து மகள் கேட்டாள். முன்னால் நின்ற பஸ்ஸின் ஜன்னலோரம் ஒருவர் விரித்துப் பிடித்திருந்த ஆங்கிலப் பேப்பரின் தலைப்பைப் படித்திருக்கிறாள்.

பி, ஓ, டி, ஹெச், ஓ, எல், இ. டியும் ஹெச்சும் ஒட்டி நின்றால் 'த' என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், அவள் மேல் தப்பே இல்லை.

ஆனால் இங்கே டி ஒரு வீட்டுப் பிள்ளை, ஹெச் பக்கத்து வீட்டுப் பிள்ளை. நடுவில் சுவர் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. பாட், ஹோல். அழுத்தம் முதல் பாதியில்.

லூப்ஹோலும் இதே கதைதான், கல்லூரி வரைக்கும் அதை லூஃபோல் என்றே படித்த ஆள் நான் (இன்றுதான் வெளியே சொல்கிறேன்).

சில சொற்களில் சுவர் கரைந்தே போய்விட்டது. நாம் கப்போர்டு என்பதை ஆங்கிலேயர்கள் 'கபர்டு' என்கிறார்கள், கப்பும் தெரியாது, போர்டும் தெரியாது. ஷெப்பர்டில் ஹெச் வாயே திறக்காது.

நம்மிடம் பூவும் கடையும் சேர்ந்தால் நடுவில் ஒரு 'க்' வந்து உட்கார்ந்துகொள்ளும். பூக்கடை. ஒட்டுப் போட்ட இடத்தை எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே அந்த வசதி இல்லை, இரண்டு சொல்லையும் தனித்தனியாகத் தெரிந்தவனுக்குத்தான் பிரிக்க வரும்.

பச்சை விழுந்தது. "பாட்ஹோல்டா, ரோட்டுப் பள்ளம்" என்றேன்.

"பொத்தோலே நல்லாருக்குப்பா. அதுல பொத்துன்னுதானே உழுறாங்க?"