செருப்பு கழன்ற பிறகு எடுத்த ஸ்கேன்

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு இடுப்பில் பிடித்த வலி, இடது கால் வழியாக இறங்கிக் கெண்டைக்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. நாளைக்கு ஐந்து பீரியட் நின்றே ஆகவேண்டும். தும்மினால் போதும், கால் முழுக்கச் சுரீர் என்று இழுக்கும்.

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எம்ஆர்ஐ எடுத்துட்டு வந்துடுங்க" என்று அவர் நீட்டிய சீட்டின் தலையிலேயே ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரும் போகும் வழியும் அச்சாகியிருந்தன. போன் போட்டுக் கேட்டேன். இடுப்புப் பகுதி மட்டும் 7,500 ரூபாய். முதுகுத்தண்டு முழுவதையும் மேலோட்டமாகப் பார்க்க இன்னொரு 1,500. என் சம்பளம் 14,000. கையில் இருந்தது பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்தது. முதல்வர் காப்பீட்டு அட்டைக்கும் வழியில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டுமே.

"பணத்தைப் பார்க்காதீங்க அண்ணி, உள்ளே என்ன இருக்கோ" என்றாள் நாத்தனார். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த "என்ன இருக்கோ"தான் இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓபி சீட்டு, வரிசை, இரண்டரை மணி நேரம். எலும்பு சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர். குதிகாலால் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலால். படுக்கவைத்துக் காலை மடக்காமல் தூக்கினார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். சிறுநீர் சரியாகப் போகிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா, முன்பு புற்றுநோய் வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில்.

"இப்ப எடுத்தா, முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு வரும்மா. வந்தாலும் இதே மாத்திரை, இதே பிசியோதான் தருவேன். அப்புறம் எதுக்கு? ஆறு வாரம் பாருங்க, நிறைய பேருக்குத் தானா அடங்கிடும்" என்றார். சிறுநீர் அடைத்தால், தொடையிடுக்கு மரத்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும்; காலில் பலம் குறைந்தால் ஆறு வாரம் என்று காத்திருக்கக் கூடாது. ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. எனக்கும் அரை நம்பிக்கைதான். ராத்திரி உட்கார்ந்து தேடியதில் 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கண்ணில் பட்டது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம். சரி, படத்தில் ஏதோ ஒன்று தெரியத்தான் போகிறது என்று கொஞ்சம் மனசு ஆறியது.

நாலாவது வாரம் வலி குறைந்தது. ஆனால் மாடிப்படி ஏறும்போது இடது கால் செருப்பு இரண்டு படி கீழேயே கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கே இன்னொரு தடவையும் அப்படி ஆனது. வலி குறைந்த சந்தோஷத்தில் அதை விட்டிருப்பேன். சீட்டின் பின்பக்கம்தான் உறுத்தியது.

மறுநாள் அதே டாக்டர் கட்டைவிரலை அழுத்தினார். விரல் மடங்கிக்கொடுத்தது. "இப்ப எடுத்தே ஆகணும். பலம் இன்னும் குறைஞ்சா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்" என்றார். அரசு ஸ்கேன் மையத்தில் 2,500 ரூபாய்தான், ஆனால் கிடைத்த தேதி பதினோரு நாள் தள்ளி. இந்தத் தடவை வெளியில் எடுக்க நான் யோசிக்கவில்லை.

மூன்று இடங்களில் விலை விசாரித்தேன். 4,000 சொன்ன இடத்தில் இருந்தது காந்த சக்தி குறைந்த திறந்த வகை மெஷின். மூடிய இடத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது வசதி, ஆனால் படத்தில் நரம்பு அவ்வளவு தெளிவாக விழாதாம். காந்த சக்தி கூடின 1.5 டெஸ்லா மெஷின் இருந்த இடத்தில் 6,000க்கு முடித்தேன். முழு முதுகுத்தண்டு வேண்டாம் என்றேன், டாக்டர் எழுதவில்லையே. தாலிச் செயினைக் கழற்றி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு போயிருந்தேன். மெட்டியை மறந்துவிட்டேன். சோப்பு போட்டுக் கழற்றப் பத்து நிமிஷம். உள்ளே அரைமணி நேரம், மாவு மில்லுக்குள் படுத்திருப்பது மாதிரி சத்தம்.

எல்4–எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் இருப்பது, இடது நரம்பை அழுத்துகிறது என்று ரிப்போர்ட் வந்தது. அதற்குக் கீழே, கேட்காமலே இன்னொரு வரி: முதுகெலும்பில் ஹீமாஞ்சியோமா. என் கணவர் போனில் தேடிப் பார்த்து "கட்டி" என்று போட்டிருப்பதைக் காட்டினார். அன்று ராத்திரி சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. காலையில் டாக்டர் அந்த வரியை விரலால் தள்ளிவிட்டார். பத்தில் ஒருவருக்கு இருக்கும் ரத்தக்குழாய் முடிச்சு, ஒன்றும் செய்யாது என்றார். ஜூனிலேயே எடுத்திருந்தால் இந்த வரியைத் தூக்கிக்கொண்டு எந்தெந்த ஆஸ்பத்திரி ஏறியிருப்பேனோ.

ஆபரேஷனுக்கு உடனே போகவில்லை. வாரா வாரம் விரலின் பலத்தைப் பார்ப்பது, இறங்கினால் அறுவை என்று முடிவு. இரண்டு வாரம் அப்படியே நின்றது. மூன்றாவது வாரம் விரல் அவர் விரலைத் திருப்பித் தள்ளியது. பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் இப்போதும் போடுகிறேன். இன்னும் ஒரு ரிவ்யூ பாக்கி இருக்கிறது.