ஊர்க் கழகத்திலிருந்து ஒப்பந்தம் வரை: ஒரு விங்கரின் முதற் பருவங்கள்

யாழ்ப்பாணத்தில் பாடசாலை உதைபந்தாட்ட அணியிலும் ஊர்க் கழகத்திலும் விங்கில், அதாவது ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று தாக்கும் இடத்தில், ஆடும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னைக் காணும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கொழும்புக் கழகமொன்றில் சம்பளத்துக்கு ஆடும் நிலைக்கு எப்படிப் போவது? வேகமும் பந்தை வெட்டிக்கொண்டு ஓடும் திறமையும் இருந்தால் வழி தானாகத் திறக்கும் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. நான் கடந்துவந்த வழியில் அவை இரண்டும் என்னை வாசல்வரை கொண்டுபோய் விட்டன. உள்ளே இடம் கிடைத்தது, பந்து என் காலில் இல்லாத நேரத்தில் நான் செய்தவற்றாலும் என் பெயரில் ஒழுங்காக இருந்த பத்திரங்களாலுமே. ஆகவே அவை பற்றியே இங்கே கூடுதலாக எழுதுகிறேன்.

நான் விளையாடப் பழகியது யாழ் நகரின் கரையோரத்தில். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற இடங்களில் உதைபந்தாட்டம் ஊரின் மானத்தோடு சேர்ந்தது. பாடும்மீன், சென் அன்ரனிஸ், சென் மேரிஸ் என்று கழகத்தின் பெயரைச் சொன்னாலே ஆள் எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும். இங்கே ஓர் இளம் வீரர் முதலில் பெயர் எடுப்பது, இரவில் மின்னொளியில் நடக்கும் அணிக்கு ஏழு பேர் கொண்ட சுற்றுப்போட்டிகளில்தான். ஆடுகளம் சிறியது, ஆட்டநேரம் குறைவு, விங்கில் நிற்பவருக்குப் பந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். எதிரே நிற்கும் ஒருவரைக் கடந்துவிட்டால் அடுத்தது கோல்தான். இறுகிய நிலத்திலும் மணலிலும் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதை முன்னரே அறியும் கால் இந்தப் போட்டிகளில்தான் உருவாகிறது என்று நான் இப்போதும் நம்புகிறேன். பின்னாளில் நல்ல புற்றரையில் வளர்ந்த சக வீரர்களைவிட எனக்கு முதல் தொடுகை சுத்தமாக இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அணிக்குப் பதினொருவர் ஆடும் ஆட்டம் விங்கரிடம் கேட்பது வேறு. சர்வதேச ஆட்டங்களுக்கான ஆடுகளம் 100 முதல் 110 மீற்றர் நீளமும் 64 முதல் 75 மீற்றர் அகலமும் கொண்டது. அந்த அகலத்தின் ஓரத்தில் நிற்கும் விங்கர் பல நிமிடங்கள் பந்தைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எதிரணியின் பக்கப் பின்கள வீரர் முன்னேறினால் அவரைத் தொடர்ந்து தன் கோல் பகுதிவரை திரும்பி ஓடவும் வேண்டும். பாஸ் புறப்படும்போது இறுதிக்கு முந்திய எதிரணி வீரரைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற ஓப்சைட் விதி, நான் ஆடிய மின்னொளித் தொடர்கள் பலவற்றில் பார்க்கப்படவில்லை என்பதால், அந்த வீரரோடு ஒரே கோட்டில் காத்திருந்து, பாஸ் புறப்படும் கணத்தில் பாய்வது எப்படி என்று பழகுவதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் எறிபந்தில் ஓப்சைட் கிடையாது என்ற விதியைக்கூட எங்கள் வயதுப் பலர் அறிந்திருக்கவில்லை. விங்கருக்கு இது பெரிய விடயம், ஏனெனில் தன் பக்கத்தில் எறிபந்து கிடைக்கும்போது எதிரணியின் பின்வரிசைக்கும் பின்னால் போய் நின்று பந்தை வாங்கும் உரிமை அவருக்கு உண்டு.

இந்தக் குறையை முதலில் கண்டவர் நாங்கள் மாஸ்ரர் என்று அழைக்கும் எங்கள் ஊர்க் கழகத்தின் பயிற்சியாளர். உயர்தரப் பரீட்சை முடிந்த வருடத்தில், வலது விங்கில் கோல்களை அடித்துக்கொண்டிருந்த என்னை அவர் இடப்புறப் பின்களத்துக்கு மாற்றினார். அது எனக்குத் தண்டனையாகவே பட்டது, கேட்டும்விட்டேன். அவர் சொன்னது: "தம்பி, பந்து உன்னட்ட இல்லாத நேரம் நீ எங்க நிக்கிறாய் எண்டதைத்தான் கொழும்பில பார்ப்பாங்கள். அதை முன்னுக்கு நிண்டு படிக்கேலாது." அதற்கு மேல் நான் வாதாடவில்லை, மாஸ்ரரோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் ஊரில் இல்லை. இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தின் புக்காயோ சாக்கா 2018 நவம்பரில் 17 வயதில் முதலணியில் அறிமுகமானவர். அடுத்த 2019-20 பருவத்தில் அக்கழகத்தின் பின்கள வீரர்கள் காயமடைந்தபோது இடப்புறப் பின்களத்தில் பல ஆட்டங்களை ஆடிவிட்டுத்தான் உலகம் அறிந்த விங்கரானார். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் மாஸ்ரர் அல்லர், இரவிரவாகப் பிரிமியர் லீக் பார்க்கும் என் தம்பி.

பின்களத்தில் நின்றபோது எனக்குத் தெளிவானவை மூன்று. எதிரணி விங்கர் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றால் அவரைக் காப்பது இலகு என்பதும், அவர் சற்று உள்ளே நகர்ந்து என் பார்வைக்குப் பின்னால் மறைந்து நின்றால்தான் எனக்குக் கஷ்டம் என்பதும் முதலாவது. நின்ற இடத்திலிருந்து வேகம் எடுப்பவரைவிட, மெதுவாக வந்து திடீரென வேகம் மாற்றுபவரே ஆபத்தானவர் என்பது அடுத்தது. மூன்றாவது, பந்தை இழந்தவுடன் உடனடியாகத் துரத்தும் விங்கரே பின்கள வீரருக்குத் தலையிடி. இழந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பவரைக் கண்டால் பின்களத்துக்குச் சந்தோஷம்தான். வலது விங்குக்குத் திரும்பியபோது இவற்றையெல்லாம் எனக்கு எதிரே நிற்பவருக்குச் செய்தேன்.

நான் கழகத் தெரிவுகளுக்குத் தயாரான காலம் நல்ல காலமாக இருக்கவில்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீபா, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அந்தத் தடை ஓகஸ்ட் மாதத்தில்தான் நீங்கியது. தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லாத அந்த மாதங்களில் கழகங்களுக்கும் புதிய வீரர்களைத் தேட அவசரம் இருக்கவில்லை. யாழ்ப்பாண லீக் ஆட்டங்களையும் ஊர்ச் சுற்றுப்போட்டிகளையும் ஆடிக்கொண்டு காத்திருந்தோம்.

தெரிவு கொழும்பில் நடந்தது. இரவுப் பேருந்தில் ஏறி, விடியப் புறக்கோட்டையில் இறங்கி, அன்று காலையே ஓடுவது உடலுக்கு ஆகாது. முடிந்தால் முதல்நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். முதலில் யோ-யோ சோதனை வைத்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பாங்ஸ்போவின் பெயரோடு அறியப்படும் இச்சோதனையில், 20 மீற்றர் ஓடித் திரும்பவும் 20 மீற்றர் ஓட வேண்டும்; அதன்பின் 10 விநாடி நடை, மீண்டும் ஓட்டம். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, ஒலிச் சைகைகள் நெருங்க நெருங்க வேகம் கூடிக்கொண்டே போகும். இரண்டாம் தடவை கோட்டைத் தவறவிட்டால் வெளியே. பண்ணைக் கடற்கரை வீதியில் நீண்ட தூரம் சீராக ஓடிப் பழகியவர்கள் இதில் வியக்கத்தக்க அளவு விரைவாக விழுந்துபோவதைக் கண்டேன், ஏனெனில் இங்கே களைப்பைத் தருவது தூரத்தைவிட நிற்பதும் திரும்புவதும் மறுபடி வேகம் எடுப்பதுமே. விங்கரின் வேலையும் அதுதான்.

பிற்பகல் ஆட்டத்தில் எனக்குப் பந்து அதிகம் கிடைக்கவில்லை. மொழியும் ஒரு தடையாக இருந்தது. கட்டளைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்தன, எனக்குப் பக்கத்தில் ஆடிய மன்னார் வீரர் இல்லாவிட்டால் பாதி விளங்கியிராது. ஆனால் எதிரணிப் பின்கள வீரரை இரண்டாம் பாதி முழுவதும் மேலே ஏற விடாமல் துரத்தினேன். தேர்வான பின்னர் துணைப் பயிற்சியாளர் என்னிடம் குறிப்பிட்டது அந்தத் துரத்தலைத்தான். நான் ஒருவரைச் சுழற்றிவிட்டு ஓரத்திலிருந்து கோல் முன்னுக்குக் கொடுத்த குறொஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இனிப் பத்திரங்கள். பெற்றோர் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். பீபா விதிகளின்படி பதிவுசெய்யப்பட்ட வீரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள இலக்கம் உண்டு. 12 வயதை எட்டும் வருடத்திலிருந்து அவர் எந்தெந்தக் கழகங்களில் பதிவாகியிருந்தார் என்ற விபரம் வீரர் கடவுச்சீட்டு எனப்படும் ஆவணத்தில் தொகுக்கப்படுகிறது. இங்கே சிறுவர்கள் வருடக்கணக்காக ஊர்க் கழகத்தின் சீருடையில் ஆடுவார்கள், ஆனால் லீக்கில் முறையாகப் பதிவாகியிருக்க மாட்டார்கள். பதிவு இல்லாவிட்டால் ஆவணத்தில் அந்த வருடங்கள் வெறுமையாகவே கிடக்கும். இதில் நட்டம் வீரருக்கு மட்டுமல்ல. தொழில்முறை வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் பணத்துக்கு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, அத்தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பதிவில் வைத்திருந்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது பீபாவின் விதி. வலைக்கும் பந்துக்கும் ஊரில் பணம் சேர்க்கும் கழகமொன்றுக்கு அந்தப் பங்கின் சிறு துண்டும் பெரிய தொகையாக இருக்கும். எங்கள் செயலாளர் ஒரு பழைய கொப்பியில் எல்லாப் பதிவுகளையும் திகதியோடு எழுதிவைத்திருந்ததால் என் விபரங்களை உறுதிப்படுத்த முடிந்தது. அவர் இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை.

பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் பாடசாலைப் பதிவிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதும். பதிவுக் காலம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது அதைத் திருத்த ஓடுவது வீண் அலைச்சல். ஒரே பருவத்தில் அதிகபட்சம் மூன்று கழகங்களில் பதிவாகலாம், ஆனால் உத்தியோகபூர்வ ஆட்டங்களை இரண்டு கழகங்களுக்கே ஆடலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஊர்க் கழகத்துக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவது சிறிய விடயமாகத் தோன்றும், கணக்கில் அதுவும் ஒன்று.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, எழுத்தில் உடன்பாடும் செலவுகளுக்கு மேலான கொடுப்பனவும் இருந்தால்தான் ஒருவர் தொழில்முறை வீரர்; போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் மட்டும் தந்தால் அவர் தொழில்முறைசாராத வீரரே. 18 வயதுக்குட்பட்டவர் மூன்று வருடங்களுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தம் செய்ய முடியாது, ஏனையோருக்கு உச்சம் ஐந்து வருடங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் கையெழுத்து செல்லும் என்று நிபந்தனை போடுவதற்குப் பீபா இடம் கொடுப்பதில்லை; பரிசோதிக்க வேண்டுமானால் கையெழுத்துக்கு முன்னர் பரிசோதிக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பின்னர் வீரர் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் உண்டு. எனக்கு முன்வைக்கப்பட்ட முதற் பத்திரத்தை அப்பா எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி, கொடுப்பனவுத் திகதியை எழுத்தில் சேர்க்கச் சொன்னார். கழகம் மறுக்கவில்லை. கேட்காமல் விட்டால் யாரும் தாமாகச் சேர்ப்பதுமில்லை.

இலங்கையில் இன்னொரு வழியும் உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் வீரருக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் தருகின்றன. தெற்கில் திறமையான பல வீரர்கள் அந்த வழியால்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். யாழ்ப்பாணத்து வீடொன்றில் அந்தப் பேச்சு எவ்வளவு விரைவில் முடிந்துவிடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே எங்களுக்கு எஞ்சுவது சிவில் கழகங்கள், அல்லது அயல்நாடுகள்.

முதற் பருவத்தின் பெரும்பகுதியை மாற்று வீரர்கள் வரிசையில் கழித்தேன். ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கும் ஏற்பாடு 2020இல் தற்காலிகமாக வந்து 2022இல் நிரந்தரமானது. மூன்று பேர் மட்டுமே என்ற பழைய விதி இருந்திருந்தால் எனக்கு ஆட்டமே கிடைத்திராது. விங்கர்கள் எழுபதாம் நிமிடமளவில் களைத்துவிடுவதால், இளம் வீரருக்கு முதலில் திறக்கும் வாசல் அந்த இருபது நிமிடங்கள்தான். உட்கார்ந்திருக்கும்போது எதிரணியின் பக்கப் பின்கள வீரர் எந்தக் காலால் தடுக்கிறார், மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறாரா, திரும்புவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்ப்பதை வழக்கமாக்கினேன். இறங்கியவுடன் முதற் பந்தை எளிதாகத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டாவது பந்தில்தான் அவரோடு மோதுவேன்.

இடையில் தொடையின் பின்தசை பிடித்துக் கொஞ்சக் காலம் வெளியே இருந்தேன். விரைந்து ஓடுபவர்களுக்கு இது சாதாரணம். முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடிக்க, உடலை மெதுவாக முன்னே சாய்க்கும் நோர்டிக் பயிற்சியை இப்போது தவறாமல் செய்கிறேன். செலவில்லாத பயிற்சி, ஊர் மைதானத்திலும் செய்யலாம்.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் கைக்கு வந்தபோது ஆரம்பப் பதினொருவரில் அடிக்கடி இடம் கிடைக்கத் தொடங்கியிருந்தது. இப்போது கழகங்கள் தெரிவுக்கு அழைக்குமுன் காணொளி கேட்கின்றன. இங்கிருந்து அனுப்பப்படுபவை பெரும்பாலும் மின்னொளிப் போட்டிகளின் கோல்களைப் பாட்டோடு தொகுத்தவை. அதற்குப் பதிலாகப் பதினொருவர் ஆட்டமொன்றின் ஒரு பாதியை வெட்டாமல் அனுப்புங்கள். நடுக்கோட்டுக்கு நேரே உயரமான இடத்திலிருந்து, துரையப்பா விளையாட்டரங்கில் ஆட்டம் என்றால் பார்வையாளர் அரங்கின் மேற்படியிலிருந்து, பந்தை மட்டும் துரத்தாமல் விங்கர் நிற்கும் ஓரமும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். சீருடை இலக்கம், நிறம், பிறந்த திகதி, பீபா அடையாள இலக்கம் ஆகியவற்றை முதலிலேயே எழுதிவிடுங்கள். இவற்றைக் கேட்டு மறுபடி மடல் எழுதும் பொறுமை எந்தக் கழகத்துக்கும் இருப்பதில்லை.