"டென்ஷன் ஆகாதடா" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் பளு தூக்குகிற பசங்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. என் அக்கா பையனும் தூக்குகிறான். அவன் பளு தூக்குவான், நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு மீட்டுக்கு மீட் போவேன். அப்படிப் போய் வார்ம்-அப் நடக்கிற இடத்தில் ஓரமாக நின்று பார்த்தால் அப்பா, மாமா, கோச், சீனியர் அண்ணன் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரும் பையன் முதுகில் தட்டிச் சொல்வது ஒன்றுதான்: "டென்ஷன் ஆகாதடா."

எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. அது அவன் கையில் இருக்கிற விஷயமே இல்லை.

பேர் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே மூளை சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை உசுப்பிவிடுகிறது. சில நொடிகளில் அட்ரினலின் என்கிற ஹார்மோன் ரத்தத்தில் ஏறிவிடும். இதயம் அடித்துக்கொள்ளும், தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து தசைக்குத் திரும்பும், அதனால்தான் வேலூர் வெயிலிலும் பையனுக்கு உள்ளங்கை ஜில்லென்று இருக்கிறது. கூடவே வியர்க்கவும் செய்யும், கம்பி வழுக்காமல் இருக்க மேக்னீசியம் பவுடரைத் திரும்பத் திரும்ப அப்பிக்கொள்கிறான். வயிற்றில் புளியைக் கரைப்பதும் பொய்யில்லை, மூளையிலிருந்து வரும் அழுத்தச் சமிக்ஞை பெருங்குடலை நேரடியாக முடுக்கிவிடும். பாத்ரூமுக்கு மூன்றாவது தடவை ஓடுகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவன் உடம்பு தயாராகிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பின்னாலேயே வருவது கார்டிசால் என்கிற இன்னொரு ஹார்மோன். யூடியூபில் இதை ஏதோ விஷம் மாதிரி பேசுகிறார்கள். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் அழுத்தத்திலேயே கிடந்தால் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் போட்டியன்று அது ஏறுவது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தசைக்கும் மூளைக்கும் கையில் காசு கொடுப்பதற்காக. 1995-ல் பிரான்சில் பளுதூக்கும் வீரர்களின் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள், ஒரு தடவை நிஜப் போட்டியில், இன்னொரு தடவை போட்டி மாதிரியே நடத்திய பயிற்சியில். நிஜப் போட்டியில்தான் கார்டிசால் அதிகம். ஆக ஜிம்மில் அசால்ட்டாகத் தூக்கிய வெயிட் மேடையில் வேறு மாதிரி கனப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு சமாச்சாரம் எங்கள் ஊர்க் கோச்சுகள்கூடக் கணக்கில் எடுப்பதில்லை. அட்ரினலின் நொடிகளில் வரும், கார்டிசால் உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குவது) முடிந்து கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே) தொடங்க நடுவில் பத்து நிமிட இடைவேளைதான். அப்படியென்றால் ஸ்நாட்சில் ஒரு முயற்சி போய்விட்டால் அதன் கசப்பு ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது கிட்டத்தட்ட ஜெர்க்குக்கு நிற்கும்போது. அந்தப் பத்து நிமிடத்தில் போய் "ஏன்டா முழங்கையை மடக்கின?" என்று கேட்கிறவரை என்ன சொல்வது!

நம்ம ஊர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குத் தொடைக் காயத்தோடு போனார். ஸ்நாட்சில் 144 கிலோ, இங்கிலாந்துக்காரர் ஜேக் ஆலிவர் 145. ஒரு கிலோ பின்தங்கித்தான் அந்த இடைவேளைக்குள் போனார். திரும்பி வந்து ஜெர்க்கில் 173 தூக்கினார், மொத்தம் 317, தங்கம். ஆலிவர் 312-ல் நின்றுவிட்டார். அன்று சதீஷ் மனதில் என்ன ஓடியது என்று கதை கட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இதயம் அடித்துக்கொள்ளாமல் அந்த மேடைக்கு யாரும் ஏறியிருக்க முடியாது.

சரி, "டென்ஷன் ஆகாதே" இல்லையென்றால் வேறு என்னதான் சொல்வது? ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பாட்டுப் பாடவும், மேடையில் பேசவும், கணக்குப் போடவும் ஆட்களை நிறுத்தினார். "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இரண்டிலும் படபடப்பு அதேதான், பெயர்தான் வேறு. துடிக்கிற இதயத்தை அடக்கு என்றால் அடங்காது, "பார்றா, உடம்பு ரெடி ஆயிடுச்சு" என்றால் பையன் நம்புவான். நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன். முதல் தடவை சொன்னபோது அக்கா பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், அது வேறு விஷயம்.

போட்டிக்கு முன்னால் பையனின் உடல் எடை பார்த்து முடிந்ததும் டப்பாவைத் திறக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று: அந்த நேரத்தில் குடலுக்கு ரத்தம் குறைவு, சீக்கிரம் செரிக்காது. வாழைப்பழம், இரண்டு இட்லி போதும். ஆம்பூர் பிரியாணியெல்லாம் போட்டி முடிந்தப்புறம்.

ஜெயித்தால் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஏறும் என்பார்கள். 1980-ல் மஸூர், லாம்ப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் டென்னிஸ் ஆட்டக்காரர்களிடம் பார்த்தபோது நன்றாக ஜெயித்தவர்களுக்கு ஏறியது, அதே பரிசுத்தொகை லாட்டரியில் விழுந்தவர்களுக்கு ஏறவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இப்படிச் சொல்லவில்லை, சிலவற்றில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. தன்னால் ஜெயித்தோம் என்று நினைக்கிறானா, அதிர்ஷ்டம் என்று நினைக்கிறானா என்பதையும் பொறுத்தது போல. அதனால் ஜெயித்துவிட்டு வருகிற பையனிடம் "எதிராளி சரியில்லை, அதான் தப்பிச்ச" என்று சொல்லும் மாமாக்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம். தோற்றவனை வீட்டுக்குப் போகும் வழியில் வீடியோ போட்டுக் காட்டி வறுக்க வேண்டாம். அவன் சாப்பிட்டுத் தூங்கட்டும், முழங்கை விஷயத்தை மறுநாள் சாயங்காலம் ஜிம்மில் பேசலாம்.