விரியத் தயங்கும் இதயம்

பாளையங்கோட்டையில் ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ எடுக்கும் பணியில் இருக்கும் என்னிடம், சட்டையை மாட்டிக்கொள்ளும் முன்பே பெரும்பாலோர் கேட்பது, "பம்பிங் எவ்வளவு இருக்கு?" என்பதைத்தான். அதாவது, இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்று. 60 சதவீதம் என்றால் முகம் தெளிந்துவிடுகிறது. ஆனால், சுருங்கிய இதயம் தளர்ந்து விரிந்து, அடுத்த துடிப்புக்கான இரத்தத்தை எவ்வளவு எளிதாக வாங்கிக்கொள்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. இதயத் தமனியில் அடைப்பு உள்ளவர்களிடம் பல நேரம் முதலில் பழுதுபடுவது அந்த விரிதல்தான்.

தசை தளர்வதற்கும் ஆற்றல் செலவாகிறது. சுருங்கும்போது தசைச் செல்லுக்குள் பெருகிய கால்சியத்தை அதன் சேமிப்பறைக்குத் திருப்பி ஏற்றும் புரதத்துக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி வேண்டும். போதிய ஏடிபி உண்டாக ஆக்சிஜன் வேண்டும். தமனி குறுகி இரத்தம் குறைந்தால், கால்சியம் வெளியேறத் தாமதமாகி, தசை இறுக்கம் விடாமல் நிற்கிறது. இதில் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது வேறொன்று: இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்வதே அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் என்பதால், தளராத தசை தனக்கு வரவேண்டிய இரத்தத்தையும் தானே நெரித்துக்கொள்கிறது. இரத்தம் குறையும்போது, இசிஜி மாறுவதற்கும் நெஞ்சுவலி தோன்றுவதற்கும் முன்பே இந்தக் கோளாறு தொடங்கிவிடுகிறது. பழைய மாரடைப்பின் தழும்பும் சேர்ந்துவிட்டால், சுவர் நிரந்தரமாகவே விறைத்துப்போகிறது.

களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த வாழை விவசாயி ஒருவர், "வரப்புல கொஞ்ச தூரம் நடந்தாலே எளைப்பு வாங்குது சார், உக்காந்தா சரியாயிருது" என்றார். வாயுத் தொல்லை என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருந்தார். பம்பிங் நன்றாகவே இருந்தது. ஆனால், தசை அசையும் வேகத்தை அளக்கும் எக்கோ முறையான திசு டாப்ளரில் இதயத் தடுப்புச்சுவர் விரியும் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர்தான். இடது மேலறையும் பெருத்திருந்தது. விரியாத கீழறைக்குள் இரத்தத்தைத் தள்ளவேண்டிய அழுத்தம் மேலறைக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அறை நிரம்புவதற்கு நேரம் கிடைக்கிறது. நடக்கையில் துடிப்பு கூடி அந்த நேரம் சுருங்கிவிடுவதால்தான் மூச்சு வாங்குகிறது. மருத்துவர் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தபோது, முன்பக்கத் தமனியில் அடைப்பு இருந்தது.

இந்த மாற்றத்தைக் கண்டாலே அடைப்பு என்று முடிவுகட்டுவதும் தவறு. நீண்டகால இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் முதுமையும்கூட இதயத்தை இப்படி விறைக்கச் செய்யும். மறுபுறம், ஓய்வில் எடுத்த எக்கோ இயல்பாகத் தெரிந்து, உடற்பயிற்சிக்குப் பின் எடுக்கும்போது மட்டும் கோளாறு வெளிப்படுவோரும் உண்டு. ஆகவே, நடந்தால் இளைப்பு என்று சொல்பவர்களுக்கு, பம்பிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விரியும் வேகத்தையும் மேலறையின் அளவையும் அறிக்கையின் முதல் வரிகளிலேயே எழுதுகிறேன். எங்கள் மருத்துவர்களும் இப்போது முதலில் அந்த வரிகளைத்தான் தேடுகிறார்கள்.