சிவப்புக்கு அடியில் ஒரு நீலம்

ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் மரபணு வரிசையைப் படிப்பதுதான் எனக்கு வேலை. திரையில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு மரபணு எழுத்துகளுக்கும் நான்கு நிறத்தில் முகடுகள் வரிசையாக ஓடும். ஓர் இடத்துக்கு ஒரு முகடு என்பது கணக்கு. இந்த வைரஸ் அந்தக் கணக்குக்கு அடங்காது. வைரஸின் என்எஸ்5ஏ என்ற புரதத்தின் 93ஆம் இடத்துக்கான எழுத்துகளில், டி எழுத்தின் சிவப்புக்கு அடியில், சி எழுத்தின் நீலம் குட்டையாகத் தலைநீட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "மாதிரி கெட்டுப்போச்சா?" என்பார்கள். கெடவில்லை. அந்த ரத்தத்தில் இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கின்றன. நீல வகை, வெல்படாஸ்விர் போன்ற மருந்துக்கு எளிதில் மசியாது.

இந்த வைரஸின் மரபுப்பொருள் சுமார் 9,600 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ. அதை நகலெடுக்கும் என்சைமுக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய லட்சம் கோடி வைரஸ்கள் உருவாகின்றன. அப்புறம் எல்லாம் ஒரே அச்சாக எப்படி இருக்கும்?

இன்டர்ஃபெரான் ஊசிதான் சிகிச்சை என்றிருந்த காலத்தில் இது தெளிவாகவே தெரிந்தது. குணமாகிறவர்களிடம் தொடக்க வாரங்களிலேயே வைரஸின் வகைகள் மளமளவென்று குறையும். குணமாகாதவர்களிடம் அவை அப்படியே நிற்கும். ஜீனோடைப் 1, அதாவது வைரஸின் முதலாம் மரபுப் பிரிவு என்றால் 48 வார ஊசி, குணமானவர்கள் பாதிப்பேர் அளவுக்குத்தான். 2, 3 என்றால் 24 வாரமே போதும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜீனோடைப் 1-இன் உட்பிரிவுகளான 1ஏ, 1பி இடையிலான வேறுபாடு. டெலாப்ரெவிர் என்ற பழைய மருந்திடமிருந்து தப்பிக்க, வைரஸின் என்எஸ்3 என்ற இன்னொரு புரதத்தின் 155ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் லைசின் வரலாம். 1ஏ வைரஸுக்கு அதற்கு ஓர் எழுத்து மாறினால் போதும். 1பி-க்கு ஒரே இடத்தில் இரண்டு எழுத்து மாற வேண்டும். அதனால்தான் இந்த மாற்றம் 1ஏ-யில் சகஜம், 1பி-யில் அபூர்வம். மருந்து ஒன்றே, நோயும் ஒன்றே!

இப்போதுள்ள மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். "இனி வரிசை எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தேவையில்லை, சரி. ஜீனோடைப் 3-உடன் ஈரல் சுருக்கமும் இருப்பவர், ஏற்கெனவே மருந்து பலிக்காதவர் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்எஸ்3 மாற்றங்கள் மருந்தை நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். என்எஸ்5ஏ மாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும். அதனால் மாதிரி வந்ததும் நான் முதலில் தேடுவது, எந்த மருந்து, எப்போது நிறுத்தினார்கள் என்ற இரண்டு வரிகளை. பல படிவங்களில் அந்த இடம் காலியாகவே வருகிறது.